தைக்கத் தெரிந்தால் மட்டும் போதுமா?

"நானும் தையல் கத்துக்கிட்டேன் அக்கா, மெஷினும் வாங்கியாச்சு. முதல் ரெண்டு மாசம் நல்லா வந்தாங்க, அப்புறம் ஒருத்தரையும் காணோம்" என்று என்னிடம் வருத்தப்படும் பெண்கள் அதிகம். அவர்கள் தைத்த ரவிக்கையை வாங்கிப் புரட்டிப் பார்த்தால் தையலில் ஒரு குறையும் இருக்காது. குறை வேறு இடத்தில் இருக்கும். சொன்ன நாளில் கொடுத்திருக்க மாட்டார்கள். அல்லது துணி வாங்கும்போது ஒரு விலை, கொடுக்கும்போது ஒரு விலை சொல்லியிருப்பார்கள். அல்லது, "கை கொஞ்சம் இறுக்குது" என்று வந்தவளிடம் முகத்தைச் சுளித்திருப்பார்கள்.

வீட்டிலிருந்தபடியே நாலு பேருக்குத் தைத்துக் கொடுத்து நாலு காசு பார்க்க வேண்டுமென்றால் கைத்திறமை பாதிதான். வருகிறவர்களிடம் நாம் நடந்துகொள்ளும் முறை மறு பாதி. முதல் பாதியைக் கற்றுத் தரத் தெருவுக்குத் தெரு வகுப்பு இருக்கிறது. மறு பாதியை நாமாகத்தான் கற்க வேண்டும். எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். மதுரையில் வாழ்க்கைப்பட்டேன். 2009-ல் என் கணவர் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். அப்போது மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவனுக்கு மூன்று. மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரைச் செலவை நிறுத்த முடியாது. கல்யாணத்தின் போது என் அம்மா சீராகக் கொடுத்த கால் மெஷின் ஒன்று மூலையில் இருந்தது. அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, வாசல் ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டேன். அவருக்கு வேறு வேலை கிடைக்க ஒன்றரை வருடம் ஆயிற்று. அதுவரை எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த மெஷினால்தான். அந்த நாட்களில் ஒரு வாடிக்கைக்காரி கோபித்துக்கொண்டு போனால், ஒரு வாரத்துப் பால் கணக்கு போனதற்குச் சமம். ஆகவே யாரையும் இழக்காமல் இருக்க வழி தேட வேண்டியதாயிற்று.

கண் முன்னால் தைத்த காலம்

மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது. பல காலம் அதன் தூண்களுக்கு நடுவே தையல்காரர்கள் வரிசையாக மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன்புதான் அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். துணியைக் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தால், நம் கண் முன்னால் வெட்டி, தைத்து, கையில் கொடுப்பார்கள். சந்தேகத்துக்கே இடமில்லை.

வீட்டுத் தையல் அப்படி இல்லை. பட்டுத்துணியை நம்மிடம் கொடுத்துவிட்டு அவர்கள் போய்விடுகிறார்கள். பத்து நாள் நம் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. "வெட்டிட்டாளா? துணி பத்தலைன்னு சொல்வாளோ? கல்யாணத்துக்குள்ள தருவாளா?" என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கவலையை எவள் போக்குகிறாளோ அவளிடம்தான் மறுபடி வருவார்கள். நான் கடைப்பிடிக்கிற எல்லா முறைகளும் இந்த ஒன்றுக்காகத்தான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு

மெஷினுக்கு அடுத்தபடியாக வாங்க வேண்டிய சாமான் ஒரு நோட்டுப் புத்தகம். ஒருவருக்கு ஒரு பக்கம். பெயர், போன் நம்பர், துணி வாங்கிய தேதி, கொடுக்க வேண்டிய தேதி, பேசிய கூலி, வாங்கிய முன்பணம் எல்லாம் அதில் ஏற வேண்டும். ஓரத்தில் துணியிலிருந்து கிள்ளிய சிறு துண்டைக் குண்டூசியால் குத்தி வைப்பேன். ஒரே நாளில் மூன்று அரக்குச் சிவப்பு வந்தாலும் மாறாது. துணிப் பையின் மேலும் அதே நம்பரை எழுதி ஒட்டிவிடுவேன்.

எழுதியதை வருகிறவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். "லைனிங் ஜாக்கெட் ரெண்டு, முன் கழுத்து ஆறு அங்குலம், பின்னால ஒன்பது, முடிச்சு வேண்டாம், வெள்ளிக்கிழமை சாயங்காலம். சரிதானே மதினி?" என்பேன். அப்போதே, "ஒன்பது வேண்டாம், எட்டரை போதும்" என்று திருத்துவார்கள். பின்னால் வரப்போகும் சண்டைகளில் பாதி அந்த ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். இப்போது வாட்ஸ்அப்பில் கழுத்து மாடல் படம் அனுப்புகிறார்கள். அதையும் படமாகவே விட்டுவிடாமல் இத்தனை அங்குலம் என்று கேட்டு நோட்டில் ஏற்றிவிடுவது நல்லது. படத்தில் இருக்கும் பெண்ணின் உடம்பு வேறு, நம் முன்னால் நிற்பவரின் உடம்பு வேறு.

அளவு ஜாக்கெட்டை மட்டும் நம்பாதீர்கள்

பெரும்பாலோர் ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொடுத்து, "இதே அளவுக்குத் தச்சிரு" என்பார்கள். அது துவைத்துத் துவைத்துச் சுருங்கியிருக்கும், அல்லது இரண்டு முறை பிரித்து விட்டதாக இருக்கும். அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் டேப்பை எடுத்து உடம்பிலும் ஒரு முறை அளந்துவிடுங்கள். உயரம், தோள், மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, கை நீளம், கைச் சுற்று, அக்குள் சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து என்று ஒன்பதையும் எடுத்து, பக்கத்தில் தேதியையும் எழுத வேண்டும். ஆறு மாதத்தில் பெண் உடம்பு எவ்வளவோ மாறும். பிள்ளை பெற்றவள், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள், மாதவிலக்கு நிற்கும் வயதில் இருப்பவள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை.

லைனிங் பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டு இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவையலில் லைனிங் மட்டும் சுருங்கி, மேல் துணி கொசகொசவென்று நிற்கும். பட்டுக்கு 11-ஆம் நம்பர் ஊசி, பருத்திக்கு 14. பக்கத் தையலில் உள்ளே ஒரு அங்குலமாவது துணி விட்டுத் தையுங்கள். அந்த ஒரு அங்குலம்தான் நாளைக்கு நம் மானத்தைக் காப்பாற்றும்.

மீந்த துண்டுத் துணியைச் சுருட்டி ரவிக்கையோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். விரல் அகலத் துண்டானாலும் சரி. தையல்காரர் துணியை எடுத்துக்கொள்வார் என்ற பேச்சு ஊரில் வெகு காலமாக உண்டு. அந்தத் துண்டைக் கையில் வாங்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள், தெரியும்.

கூலியை முதலிலேயே சொல்லுங்கள்

"நீயே பாத்துப் போட்டுக்கோ" என்பார்கள். "குடுக்கறதக் குடுங்க" என்று நாமும் சொல்லுவோம். இரண்டுமே ஆபத்தான வார்த்தைகள். வாங்கும்போது அவர்கள் மனதில் ஒரு தொகை, நம் மனதில் ஒரு தொகை இருக்கும். இரண்டும் சேராது.

நான் கணக்குப் போடும் விதத்தைச் சொல்கிறேன். ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்கு லைனிங் துணி 60 ரூபாய். நூல், ஊக்கு, மின்சாரம் சேர்த்து 20. மெஷின் தேய்மானத்துக்கும் ரிப்பேருக்கும் 20. வெட்டி, தைத்து, ஹெம்மிங் செய்து, ஊக்கு வைக்க எனக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. மணிக்கு 80 ரூபாய் வீதம் 240. கூட்டினால் 340. நான் வாங்குவது 350. உங்கள் ஊரில் கூலி கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனால் இப்படிக் கூட்டிப் பார்க்காமல் எதிர்த்த தெருக்காரியை விடப் பத்து ரூபாய் குறைத்துச் சொல்கிறவர்கள், மாதக் கடைசியில் கண் எரிச்சலும் முதுகு வலியும்தான் மிச்சம் என்று உட்கார்ந்திருப்பார்கள்.

விலைப்பட்டியலை ஒரு அட்டையில் எழுதி மெஷினுக்கு மேலே மாட்டிவிட்டேன். நான் வாய் திறந்து கேட்க வேண்டிய கூச்சம் போயிற்று. பேரம் பேசுகிறவர்கள் அட்டையைப் பார்த்துத்தான் பேச வேண்டும்!

தேதி என்றால் தேதிதான்

மார்கழி போய்த் தை பிறந்தால் முகூர்த்த வேலை குவியும். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணியில் மறுபடி பிடித்துக்கொள்ளும். தீபாவளிக்கு முன் தூக்கமே இருக்காது. ஜூனில் பள்ளிக்கூட யூனிபார்ம். இந்தக் கணக்கைக் காலண்டரில் குறித்து, ஒரு நாளைக்கு என்னால் முடிவது மூன்று ரவிக்கை என்று வைத்து, அதற்கு மேல் அந்த நாளில் எழுதவே மாட்டேன். அதிலும் வாரத்தில் ஒரு நாளைக் காலியாக விட்டிருப்பேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், உறவில் ஒரு கெட்ட சேதி வரும். அந்தக் காலி நாள் அதற்கு. கரன்ட் போனாலும் ஓட்டலாம் என்றுதான் மோட்டார் மெஷின் வாங்கிய பிறகும் அம்மா கொடுத்த கால் மெஷினை விற்கவில்லை.

"நாளைக் கழிச்சு நிச்சயதார்த்தம், எப்படியாவது தச்சுக் குடு தாயி" என்று கண் கலங்க வருவார்கள். கையில் இடம் இருந்தால் செய்வேன். இல்லாவிட்டால், "முடியாது பெரியம்மா. சரின்னு சொல்லிட்டு உங்களைக் கடைசி நேரத்துல தவிக்க விட மாட்டேன். அடுத்த தெருவுல நல்லாத் தைக்கிற பொண்ணு இருக்கு, நானே போன் பண்ணிக் கேக்கறேன்" என்பேன். வாடிக்கையை நாமே இன்னொருத்திக்குக் கொடுக்கிறோமே என்று தோன்றும். நான் அனுப்பியவர்களில் முக்கால்வாசிப் பேர் அடுத்த தடவை பதினைந்து நாள் முன்னதாகவே என்னிடம் துணியோடு வந்தார்கள். அந்தப் பெண்ணும் தனக்கு முடியாதபோது என்னிடம் அனுப்புகிறாள்.

உறவு வேறு, கணக்கு வேறு

தாயும் பிள்ளையும் ஒன்றானாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்? தொழில் தொடங்கிய முதல் வருடம் ஓரகத்தி, நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும், "நமக்குள்ள என்ன காசு?" என்றார்கள். நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் என்றால் மணப்பெண்ணுக்கு ஒரு ரவிக்கை என் அன்பளிப்பு. சந்தோஷமாகத் தைத்துக் கொடுப்பேன். மற்றதெல்லாம் அட்டையில் இருக்கிற விலை. இதைச் சிரித்த முகத்தோடு, எல்லாருக்கும் ஒரே மாதிரி சொன்னதால் ஒருவரும் பகைத்துக்கொள்ளவில்லை. ஒருத்திக்குச் சும்மா, ஒருத்திக்குக் காசு என்றால்தான் பகை வரும்.

கடன் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும், ஆனால் ஆளும் நேரமும் பார்க்க வேண்டும். 2016 நவம்பர் 8 இரவு, பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்களே, அந்த வாரம் கார்த்திகை முகூர்த்தத்துக்குத் தைத்த துணிகள் என் வீட்டில் அடுக்கியிருந்தன. யார் கையிலும் சில்லறை இல்லை. துணியைப் பிடித்து வைத்துக்கொண்டால் என்ன பிரயோசனம்? பதினோரு பேருக்கு, "கொண்டு போங்க, கிடைச்சப்போ குடுங்க" என்று நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்தேன். தைப் பொங்கலுக்குள் ஒன்பது பேர் தேடி வந்து கொடுத்தார்கள். அந்த ஒன்பது பேரும் இன்றைக்கும் என்னிடம்தான் தைக்கிறார்கள். யு.பி.ஐ. வந்த பிறகு இந்தச் சில்லறைத் தொல்லை குறைந்துவிட்டது.

கடைக்காரர்களிடம் மட்டும் இந்தத் தாராளம் கூடாது. ஒரு துணிக்கடைக்காரர் மொத்தமாக ஃபால்ஸ் வைக்கப் புடவை கொடுத்துவிட்டு இரண்டு மாதம் கூலி தராமல் இழுத்தடித்தார். மொத்த வேலை என்றால் பாதிப் பணம் முன்னால், மீதி சரக்கு கை மாறும்போது என்று பேசிக்கொள்ளுங்கள்.

குறை சொல்லி வந்தால்

"அக்கா, கை ஏறவே மாட்டேங்குது, நாளைக்குக் கல்யாணம்!" என்று ஒரு பெண் மாமியாரோடு வந்து நின்றாள். நோட்டைப் புரட்டினேன். கைச் சுற்று ஆறு மாதம் முன்னால் எடுத்தது. "அதே அளவுதான்" என்று போனில் சொல்லித் துணியைத் தம்பியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். இப்போது அளந்தால் ஒரு அங்குலம் கூடுதல். இதை மாமியார் முன்னால் சொல்லி என் பக்கத்து நியாயத்தை நிலைநாட்டியிருக்கலாம். அதனால் கை ஏறிவிடுமா? "உக்காரும்மா, மோர் குடி" என்று சொல்லி, உள்ளே விட்டிருந்த துணியைப் பிரித்து இருபது நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. போகும்போது அவளிடம் மட்டும், "அடுத்த தடவை நேர்ல வந்து அளவு குடுத்துட்டுப் போம்மா" என்றேன். புரிந்துகொண்டாள்.

முதல் முறை பிரித்து விடுவதற்கு எப்போதும் கூலி கிடையாது என்று அட்டையிலேயே எழுதியிருக்கிறேன். கொடுக்கும்போது, "இங்கேயே உள்ளே போய்ப் போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டால் குறை நம் வீட்டுக்குள்ளேயே தீர்ந்துவிடும். தெருவுக்குப் போகாது.

காதில் விழுந்தது வாயில் வரக்கூடாது

பெண்கள் ஏன் வீட்டுத் தையலைத் தேடி வருகிறார்கள்? அளவு எடுக்கும்போது உடம்பைக் காட்ட வேண்டியிருக்கிறது. கூடவே மனசையும் கொட்டிவிடுகிறார்கள். யார் வீட்டுப் பெண் முழுகாமல் இருக்கிறாள், யார் வீட்டில் நகை அடகுக்குப் போயிற்று எல்லாம் நமக்குத் தெரியவரும். "என்ன, குண்டாயிட்டீங்களே!" என்று ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. டேப் காட்டும் எண்ணை எழுதிக்கொள்வதோடு சரி.

ஒரு அம்மாள் வந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியபடி, "அளவெல்லாம் வேண்டாம்மா, இந்தப் பழசைப் பார்த்துத் தச்சிரு" என்றார்கள். பழைய ரவிக்கையின் ஒரு பக்கம் கையால் மடித்துத் தைத்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டேன். புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்களாம். இரண்டு வருடமாக எந்த விசேஷத்துக்கும் போகவில்லையாம். தையல்காரரிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம்.

அந்தப் பக்கம் லைனிங்குக்குள் மெல்லிய பருத்தித் துணியில் ஒரு பை வைத்து, பக்கவாட்டில் வாய் விட்டேன். அதற்குள் மென்மையான பஞ்சுத் திண்டைச் செருகிக்கொள்ளலாம், துவைக்கும்போது எடுத்துவிடலாம். கழுத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். தழும்பில் தையல் உராயாமல் மடிப்பை வெளிப்பக்கமாகத் திருப்பினேன். ஊக்கை முன்னால் வைத்தேன். அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்தவர்களுக்கு அந்தக் கை வீங்கக்கூடும், அந்தப் பக்கம் இறுக்கமான உடை கூடாது என்று டாக்டர்கள் சொல்வார்கள். ஆகவே அந்தக் கையை மட்டும் முக்கால் அங்குலம் தளர்த்தி, வெளியே வித்தியாசம் தெரியாமல் தைத்தேன். கூலி அட்டையில் உள்ளதுதான். கூட வாங்கினால் பாவம். குறைத்தால் அவர்கள் மனசு நோகும்.

போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் வெகு நேரம் நின்றார்கள். அந்த மாதமே தம்பி மகன் கல்யாணத்துக்குப் போய்வந்தார்கள். பிறகு அவர்களே சொல்லி இன்னும் இரண்டு பேர் அதே காரியமாக வந்தார்கள். தையல் வேலை செய்யும் சகோதரிகள் யாராவது இதைப் படித்தால், இந்த முறையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் கேட்கக் கூசிக்கொண்டு இருப்பார்.

நம் உடம்பும் நமக்கு வேண்டும்

வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து ஊசி மேல் விழும்படி மெஷினைப் போடுங்கள். முதுகுக்குச் சாய்மானம் இல்லாத ஸ்டூல் வேண்டாம். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து, கழுத்தையும் தோளையும் அசைத்து, தூரத்தில் உள்ள ஒரு மரத்தையோ மாடியையோ சற்று நேரம் பாருங்கள். நாற்பது வயதுக்கு மேல் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்றால் கண் டாக்டரிடம் போங்கள். தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு தைக்காதீர்கள். இரவு ஒன்பதுக்கு மேல் மெஷினை மூடிவிடுவது என் வழக்கம். களைத்த கை கோணலாகத்தான் ஓடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

மெஷின் வாங்க வசதி இல்லாத பெண்களுக்காகத் தமிழக அரசின் சமூக நலத்துறையில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. கணவரை இழந்தவர்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், ஏழைப் பெண்கள் போன்றோர் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். தொழில் கொஞ்சம் நிமிர்ந்த பிறகு உத்யம் பதிவு செய்துகொண்டால் வங்கியில் கடன் கேட்கும்போது உதவும். 2020 ஜூலையில் வந்த இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வருகிற பணத்தை மளிகைச் சாமான் டப்பாவில் போடாமல் தனியாக ஒரு வங்கிக் கணக்கில் போடுங்கள். நூல், ஊசி, லைனிங் எல்லாம் அதிலிருந்தே வாங்குங்கள். மாதக் கடைசியில் மீதி இருப்பதுதான் உங்கள் சம்பளம். எனக்கு அந்த மீதியில்தான் மூத்தவளின் காலேஜ் ஃபீஸ் கட்ட முடிந்தது. மாமியாரின் மாத்திரை ஒரு நாளும் நின்றதில்லை.

மெஷின் இன்றைக்கு எல்லார் வீட்டிலும் இருக்கிறது, தைக்கவும் பலருக்குத் தெரியும். சொன்ன தேதி, சொன்ன விலை, சிரித்த முகம், அடங்கிய வாய் இந்த நான்கையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் சகோதரிகளே. வாசலில் போர்டுகூட மாட்ட வேண்டியிருக்காது.